அபுவின் வளர்ச்சியும் அவையோரின் தீர்ப்பும்

ஒரு கலைப்படைப்பிற்கு இருவகை வரலாறு உண்டு. ஒன்று, அதனைப் படைத்தவனின் வரலாறு. மற்றொன்று, அதனைச் சுவைத்தவரின் வரலாறு. முன்னதை எழுதுவார் பலர். பின்னதை எழுதுவார் மிகச் சிலர். நூலைப் படித்தோர் ஓரத்தில் குறிப்பெழுதி வைப்பர். அது எஞ்சி நிற்கும். திரைப்படம் கண்டோரோ விளக்கு எரிந்ததும் எழுந்து, பேசிக்கொண்டே வீடு சென்று சேர்வர். அவர்கள் பேச்சு காற்றோடு போய்விடும். எனினும், ஓர் அவை எதனை ஏற்றது, எதனை மறுத்தது என்பதை அறிந்தால், அந்த அவையின் உள்ளத்தையே அறியலாம்.

1955 முதல் 1959 வரை கல்கத்தாவில் வெளிவந்த மூன்று வங்காளப் படங்களைப் பற்றியது இக்கட்டுரை. படங்களைக் காட்டிலும், அவற்றைக் கண்டோரைப் பற்றியது என்பதே பொருந்தும். பிறந்த ஊரைவிட்டுப் பிறிதோர் ஊரில் வாழும் நம்மனோர்க்கு இவ்வரலாற்றில் தனியானதொரு பங்கு உண்டு. அது யாது என்பது போகப் போகப் புலப்படும்.

மூன்று படங்கள், ஓர் உயிர்

விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் புதினம் 1929-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான 'அபராஜிதோ' 1932-இல் வந்தது. அபு என்னும் ஏழை அந்தணச் சிறுவன் பிறந்து, வளர்ந்து, இழந்து, ஆளாகும் கதையே இவ்விரண்டும். கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றி வந்த சத்யஜித் ரே, 'பதேர் பாஞ்சாலி'யின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும்போதே அதன் காட்சிகளை மனத்திரையில் கண்டுவிட்டார். 1950-இல் அலுவல் காரணமாக லண்டன் சென்றபோது, இத்தாலியப் படமான 'பைசிக்கிள் தீவ்ஸ்' அவர் கண்ணில் பட்டது. தொழில்முறை நடிகரும் அரங்கமும் இன்றி உண்மையைப் படம் பிடிக்கலாம் என்னும் துணிவு அவருக்கு அப்போது பிறந்தது.

1952 அக்டோபர் மாத இறுதியில் நாணற்பூக்கள் நிறைந்த வெளியொன்றில் படப்பிடிப்புத் தொடங்கிற்று. அக்காளும் தம்பியும் முதன்முதலாக இரயிலைக் காணும் காட்சி அது. அடுத்த வாரம் சென்று பார்த்தால், பூக்களை எல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! எஞ்சிய பகுதியை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. பணம் தீர்ந்தது, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் போயிற்று, அருமையாகச் சேர்த்த இசைத்தட்டுகள் போயின, மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. இவ்வாறு படப்பிடிப்பு நின்றும் நடந்தும் மூன்றாண்டுக்காலம் இழுத்தது. இதற்கிடையே அபுவாக நடித்த சிறுவனின் குரல் உடையவில்லை; துர்காவாக நடித்த சிறுமி வளர்ந்துவிடவில்லை; கிழவியாக நடித்த, எண்பது வயதை ஒட்டிய சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை. இம்மூன்றையும் அற்புதங்கள் என்றே ரே பின்னாளில் குறிப்பிட்டார்.

முதற் படமும் முதல் அவையும்

அப்படத்தின் முதற் பார்வையாளர் பொதுமக்கள் அல்லர், அரசாங்க அதிகாரிகள். மேற்கு வங்க முதல்வர் டாக்டர் பிதான் சந்திர ராயின் ஆதரவால் அரசு பொருளுதவி செய்தது. 'பாதையின் பாட்டு' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட படத்திற்கான செலவு, சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பெற்றதாம்! கதையின் முடிவில் குடும்பம் ஊரைவிட்டுப் போகலாமா? அங்கேயே தங்கிச் சமுதாய முன்னேற்றத் திட்டத்தில் சேர்வதாகக் காட்டினால் என்ன என்றொரு யோசனையும் அரசுத் தரப்பிலிருந்து வந்தது. ரே அதற்கு இணங்கவில்லை. ஆயினும் அந்த யோசனையை நகைத்து ஒதுக்கிவிட வேண்டா. 'இவர்கள் போகாமல் இருக்கக் கூடாதா?' என்னும் ஏக்கம் அதில் ஒளிந்திருக்கிறது. ஊர் நீங்கும் குடும்பத்தைக் கண்கொண்டு காண இயலாத மனத்தின் முதற்குரல் அது. அக்குரலை மீண்டும் கேட்கப் போகிறோம்.

1955 மே மாதம் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்தில், ஆங்கில எழுத்துரை கூடச் சேர்க்கப்படாத நிலையில், படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. கல்கத்தாவில் விளம்பரத் துறையினர் கூட்டமொன்றில் காட்டியபோது வரவேற்பு ஊக்கம் தருவதாய் இல்லை. 1955 ஆகஸ்டு 26-ஆம் நாள் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. முதலில் கூட்டம் மெலிந்தே இருந்தது. பிறகு, கண்டவர் காணாதவரிடம் சொல்ல, அவர் பிறரிடம் சொல்ல, சில வாரங்களில் அரங்கு நிரம்பி வழிந்தது. அந்நேரம் பார்த்து, பாசுஸ்ரீ அரங்கில் வேறொரு படத்திற்கு முன்னரே செய்திருந்த ஒப்பந்தத்தால் அது விலக வேண்டியதாயிற்று. அந்த வேறு படம், சென்னை ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன் எடுத்த 'இன்சானியத்' என்னும் இந்திப் படம். சென்னைத் தயாரிப்பும் கல்கத்தாத் தயாரிப்பும் ஒரே அரங்கின் வாயிலில் இவ்வாறு எதிர்ப்பட்டன.

1956-இல் கான் திரைப்பட விழாவில், சிறந்த மனித ஆவணம் என்னும் சிறப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. ஆனால் அயலவர் அனைவரும் தலைவணங்கினர் என்று எண்ணுவதற்கில்லை. 1958-இல் நியூயார்க்கில் வெளியானபோது, 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி கிரௌதர், கட்டுக்கோப்புத் தளர்ந்தும் மெதுவாகவும் செல்லும் இப்படம் ஹாலிவுட்டில் அரைகுறைத் தொகுப்பாகத்தான் கருதப்படும் என்று எழுதினார். அதன் கவித்துவத்தையும் அவர் மறுக்கவில்லை. விமர்சகரின் குறையைப் பொருட்படுத்தாமல் அந்நகரத்து மக்கள் ஏறத்தாழ எட்டு மாதம் அப்படத்தை ஓடச் செய்தனர்.

முதற் படத்தை அவைகள் ஏற்றமைக்குக் காரணம் காண்பது எளிது. அதில் வறுமை உண்டு; இறப்பும் உண்டு. ஆயினும் குடும்பம் ஒன்றாய் நிற்கிறது. அக்காள் மழையில் நனைந்து நோயுற்று மாய்கிறாள். அத்துயரில் எவர்மீதும் பழி இல்லை. கண்டோர் தடையின்றி அழ முடிந்தது. அழுதபின் அவர்கள் உள்ளம் இலேசாயிற்று.

'அபராஜிதோ' சொல்லும் கதை

1956 அக்டோபர் 11-ஆம் நாள் வெளியான 'அபராஜிதோ'வில் அந்த ஆறுதல் இல்லை.

காசி நகரின் படித்துறைகளில் புராணம் படித்துப் பிழைக்கிறார் அபுவின் தந்தை ஹரிஹர். அவர் காய்ச்சல் கண்டு இறக்கிறார். வாயில் கங்கை நீர் விழுந்த அக்கணத்தில், புறாக்கூட்டம் ஒன்று சடாரென வானில் எழுகிறது. தாய் சர்பஜயா ஒரு செல்வர் வீட்டில் சமையல் வேலைக்குச் செல்கிறாள். தன் மகனும் அவ்வீட்டாரின் ஏவலாளாகவே ஆகிவிடுவான் என்று உணர்ந்ததும், முதிய உறவினர் ஒருவருடன் வங்காளச் சிற்றூருக்குத் திரும்புகிறாள். அங்கே அபு குலத்தொழிலான பூசையைக் கற்கிறான். பள்ளிக்கூடத்தையும் எட்டிப் பார்க்கிறான். 'படிக்க வேண்டும்' என்கிறான். தாய் இசைகிறாள். கதையின் முடிச்சு இங்கே விழுகிறது, முடிச்சிட்டவள் தாயே.

அபு நன்றாகப் படிக்கிறான், உதவித்தொகை பெறுகிறான். கையில் ஓர் உலக உருண்டையை ஏந்தியவாறு கல்கத்தாவுக்குச் செல்கிறான். பகலில் கல்லூரி, இரவில் அச்சகத்தில் வேலை. விடுமுறைக்கு வந்தவன் அம்மாவின் அருகில் படுத்திருக்கிறான். 'நீ சம்பாதிக்கும்போது என்னை உடன் வைத்துக்கொள்வாயா? எனக்கு நோய் வந்தால் பார்த்துக்கொள்வாயா?' என்னும் பொருள்பட அவள் பேசிக்கொண்டே போகிறாள். மறுமொழி இல்லை. திரும்பிப் பார்த்தால், அவன் உறங்கிவிட்டான். அவன் கொடியவன் அல்லன். களைத்துப் போன இளைஞன்; அவ்வளவே.

இன்னொரு காட்சி. விடியலில் எழுப்பச் சொன்ன மகனை, இன்னும் சிறிது நேரம் இருக்கட்டுமே என்று தாய் எழுப்பாமல் விட்டுவிடுகிறாள். அவன் சினந்து பரபரத்து நிலையத்துக்கு ஓடுகிறான். வண்டி வருகிறது. சற்று நேரத்தில் அவன் வீட்டு வாயிலில் நிற்கிறான்; 'வண்டி தவறிவிட்டது' என்கிறான். தவறவில்லை, அவனே தவறவிட்டான். தாய்க்கும் மகனுக்கும் இடையில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. இதைக் கண்டும் அவனை அன்பிலாதவன் என்பாருண்டோ?

ஆயினும் நகரம் அவனை இழுத்துக்கொண்டே இருக்கிறது. தேர்வைக் காரணம் காட்டி, ஊருக்கு வர இயலாது என்று எழுதுகிறான். தாய் தன் நோயை மறைக்கிறாள். முதற் படத்தில் வியப்பூட்டிய அதே இரயில், இப்போது தொலைவில் ஓர் ஓசையாக மட்டும் வந்து போகிறது. ஒவ்வோர் ஓசைக்கும் அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். ஓரிரவு மகன் அழைப்பதுபோல் கேட்டு வாயிலுக்கு வருகிறாள். குளத்தின்மேல் மின்மினிகள் பறக்கின்றன. வேறு யாரும் இல்லை. அபு வந்து சேரும்போது வீடு வெறுமையாக நிற்கிறது. அழுகிறான். பின்பு மூட்டையைக் கட்டுகிறான். சடங்குகளைக் கல்கத்தாவிலேயே செய்துகொள்வதாகச் சொல்லி, தேர்வெழுதப் புறப்படுகிறான். படம் அங்கே முடிகிறது.

கல்கத்தா முகந்திருப்பிக்கொண்டது

'பதேர் பாஞ்சாலி'யைக் கொண்டாடிய அதே நகரம் இப்படத்தைப் புறக்கணித்தது. வசூல் இல்லை. தயாரிப்புச் செலவுகூட மீளுமோ என்னும் கவலை எழுந்தது. அடுத்த முயற்சியில் பாட்டும் கூத்தும் இடம்பெறத்தக்க கதை வேண்டும் என்று தேடி, ரே 'ஜல்சாகர்' என்னும் படத்துக்குச் சென்றமைக்கு இத்தோல்வியும் ஒரு காரணம்.

ஏன் தோற்றது? நாவலில் அபுவின் இளமையில் லீலா என்னும் பெண்ணுக்கு முக்கிய இடம் உண்டு. நடிகை அமையாத இடரால் அப்பகுதி கைவிடப்பட்டது. நூலைக் காதலித்தவர்க்கு இது ஒரு குறை. எனினும் பெரிய காரணம் வேறு என்று ரேயே கருதினார். தாய்க்கும் மகனுக்கும் உள்ள உறவை அவர் காட்டிய முறை நடுத்தர மக்களை அதிரச் செய்தது. தாய் என்றால் தியாகம். மகன் என்றால் பக்தி. இருவர் உறவில் இனிமையன்றி வேறொன்றும் இராது என்பதே மேடையும் திரையும் பழக்கிய இலக்கணம். அவ்விலக்கணத்தை ரே மீறினார்.

மூலநூலாசிரியர் ரேயினும் துணிந்தவர். தாயின் மரணச் செய்தி கேட்டதும் அபுவின் உள்ளத்தில் முதலில் எழுந்தது, கட்டு அறுந்தாற்போன்ற ஒரு விடுதலையுணர்வு. துயரம் அதன் பின்னரே வந்தது என்று புதினத்தில் அவர் எழுதியிருந்தார். இப்படத்தை எடுக்கத் தம்மைத் தூண்டியது அந்தப் பகுதியே என்று ரே குறிப்பிட்டுள்ளார். இருபத்தைந்து ஆண்டுகள் அச்சில் கிடந்து எவரையும் அதிரச் செய்யாத ஓருண்மை, அதனினும் மென்மையாக்கப்பட்டுத் திரையில் வந்ததும் பொறுக்க ஒண்ணாததாயிற்று. தனியே அமர்ந்து படிப்பவன் தன்னோடு மட்டும் ஒப்புக்கொண்டால் போதும். அரங்கிலோ பக்கத்து இருக்கையில் தாயே அமர்ந்திருப்பாள். அவள் அருகிலிருக்க, 'ஆம், எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு' என்று எவன் ஒப்புவான்?

இன்னுமொரு காரணம் உண்டென்பது என் ஊகம். 1947-இல் வங்காளம் துண்டானது. கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடும் நிலமும் விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தனர். ஒன்பது ஆண்டுக்குப்பின் அந்நகரின் அரங்குகளில் அமர்ந்தவருள் பலர், திரும்ப இயலாத ஓர் ஊரை நெஞ்சில் சுமந்தவர். அவர்கள் வற்புறுத்தலால் பிரிந்தவர். அபுவோ விரும்பிப் பிரிகிறான். ஊரும் தாயும் ஒருங்கே விடப்படும் கதை, ஆறாத புண்ணில் விரல் வைத்தாற்போல் இருந்திருக்கலாம்.

இங்ஙனம் நோக்கினால், படத்தை மறுத்தோர் சுவையறியாதவர் என்று ஒதுக்குதல் முறையன்று. படம் புரியாமல் எழுந்து போனவர் சிலர் இருக்கலாம். நன்றாகப் புரிந்ததனாலேயே எழுந்து போனவரும் இருந்திருப்பர்.

வெனிஸ் வழங்கிய தீர்ப்பு

1957-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர் நடுவர் குழுவின் தலைவராக இருந்தார். ஜப்பானிய மேதை அகிரா குரோசாவாவின் படமும் போட்டியில் நின்றது. உயர்பரிசான பொற்சிங்கம் 'அபராஜிதோ'வுக்கே வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்தியப் படம் இதுவே. மீரா நாயரின் படம் 2001-இல் அதைப் பெறும்வரை வேறெந்த இந்தியப் படத்துக்கும் அது வாய்க்கவில்லை. மூன்று படங்களாக எடுக்கும் எண்ணம் உண்டா என்று நிருபர்கள் வினவ, ரே 'ஆம்' என்று சொல்லிவிட்டார். அதுவரை அவருக்கு அப்படியொரு திட்டம் இருந்ததில்லை. உள்ளூர் அவை கைவிட்ட ஒரு படம், அயலூர் அவையின் கேள்வியால் தொடர்ச்சி பெற்றது.

இதனால் அயலார்க்கே கலை தெரியும் என்று முடிவு கட்டுதல் பிழை. வெனிஸ் நகரில் அமர்ந்தோர் சர்பஜயாவின் மகன்கள் அல்லர். அவர்களுக்கு அது பிறர் கதை. பிறர் கதையைக் கலையாகக் காண்பது எளிது. மேலும், கல்கத்தாவிலேயே இப்படத்தின் அருமை அறிந்தோர் இருந்தனர். ரேயோடு பல வகையில் மாறுபட்ட இயக்குநர் மிருணாள் சென், ரேயின் படங்களுள் இதனையே பெரிதும் பாராட்டி வந்தார்.

மன்னிப்பின் கணக்கு

1959 மே முதல் நாள் மூன்றாம் படமான 'அபுர் சன்சார்' வெளிவந்தது. சௌமித்ர சட்டர்ஜிக்கும் ஷர்மிளா தாகூருக்கும் அதுவே முதற் படம். மக்கள் மீண்டும் திரண்டனர். அபு மணக்கிறான், மனைவி அபர்ணா மகப்பேற்றில் இறக்கிறாள், அவளைக் கொன்று பிறந்தவன் என்று எண்ணி, மகனின் முகத்தையே பாராமல் அவன் பல ஆண்டுகள் அலைகிறான். இறுதியில் திரும்பி வந்து, சிறுவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கிறான்.

எண்ணிப் பாருங்கள். தாயைக் காணச் சில வாரம் தாழ்த்த மகனைப் பொறுக்காத மக்கள், பெற்ற பிள்ளையை ஆண்டுக்கணக்கில் கைவிட்ட தந்தையைப் பொறுத்தனர். குற்றத்தை நிறுத்துப் பார்த்தால் பின்னதே கனமானது. வேறுபாடு ஒன்றே: பின்னவன் திரும்பி வந்தான். திரும்பி வருபவனை அவை மன்னிக்கும். திரும்ப ஆளில்லாத வீட்டுக்கு வந்து, மீண்டும் புறப்பட்டவனை மன்னிக்க அவைக்குப் பல காலம் பிடித்தது.

துறை காணாத துயரம்

இவ்விடத்தில் நம் தமிழ் மரபை ஒருகணம் நினைந்து பார்த்தல் தகும். பிரிவை நம் முன்னோர் போல் நுணுகி வகுத்தார் அரியர். தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக வைக்கிறது. கல்விக்காக ஊர் நீங்குதல் ஈராயிரம் ஆண்டுப் பழமையது. ஆனால் அப்பிரிவால் வருந்துபவளாக அக இலக்கியம் காட்டுவது தலைவியையே. தாயும் அகத்தில் புலம்புகிறாள். அது உடன்போக்கில் சென்ற மகளை நினைந்து. புறத்தில் பேசுகிறாள், அது போர்க்களம் சென்ற மகனைக் குறித்து. படிக்கப் போன மகன் படிப்பிலேயே தங்கிவிட, வாயிலில் காத்திருக்கும் தாய்க்கு என்று தனித்துறை ஒன்று வகுக்கப்படவில்லை. அத்துயரத்தைப் பெருவாரியாக விளைத்தவை இரயிலும், கல்லூரியும், அலுவலகமும், மணியார்டரும். பழைய துறைகளுள் அடங்காத இப்புதுத் துயருக்கு, ரே துறை வகுத்தார் எனலாம்.

அத்துயர் வங்காளத்துக்கு மட்டும் உரியதன்று. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தட்டெழுத்துச் சான்றிதழோடு வடக்கே வண்டியேறிய தலைமுறையின் பின்னே எத்தனை சர்பஜயாக்கள் நின்றனர்! 'உடம்பு சௌக்கியம்' என்று எழுதுவித்த அஞ்சலட்டைகள் எத்தனை, சௌக்கியமில்லாத உடம்பிலிருந்து வந்தவை! வேலை கிடைத்தவன் நன்றி கெட்டவன் அல்லன், விடுப்புக் கிடைக்காதவன். விடுப்புக் கிடைத்த சில வேளைகளிலும், உண்மையைச் சொன்னால், போகாமல் இருந்தவன். இப்படத்தைக் காணும் புலம்பெயர்ந்தோர் தம்மை அபுவாகவும் காண்பர். தம் பிள்ளைகள் கடல் கடந்தபின் சர்பஜயாவாகவும் காண்பர். ஒரே படத்தை இருபதிலும் அறுபதிலும் காண்பவன் இரண்டு படங்களைக் காண்கிறான்.

காலத்தின் தீர்ப்பு

பிற்காலத்திலும் ரேயின் படங்களின்மீது வழக்குகள் நின்றபாடில்லை. 1980-இல் மாநிலங்களவையில், நடிகை நர்கிஸ், ரே இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்குக் காட்டிப் புகழ் பெறுகிறார் என்று குறை கூறினார். 1992-இல் ஆஸ்கார் சிறப்பு விருதும் பாரத ரத்னாவும் அவரை வந்தடைந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் மறைந்தார். மறு ஆண்டே லண்டன் ஆய்வுக்கூடமொன்றில் நேர்ந்த தீயில் முப்படங்களின் மூலப் படச்சுருள்கள் கருகின. கருகியவற்றுள் எஞ்சியதைத் தொழில்வல்லார் பல்லாண்டுகள் உழைத்து மீட்டனர். 2015-இல், முதற் படம் முதன்முதலாகக் காட்டப்பட்ட அதே நியூயார்க் கலைக்கூடத்தில், புதுப்பொலிவோடு அவை மீண்டும் திரையேறின.

1956-இல் மறுக்கப்பட்ட படம் இன்று உலகப் பெரும்படங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. படம் மாறவில்லை, ஒரு காட்சியும் கூடவோ குறையவோ இல்லை. மாறியவர் காண்போர். ஊர்விட்டுப் போதல் அன்று சிலரது தவறுபோல் தோன்றியது. இன்று பெரும்பாலோர் வாழ்வாகிவிட்டது. மகன் வளர்தல் என்பது தாயிடமிருந்து விலகுதலும் ஆகும் என்னும் கசந்த உண்மையை, வாழ்ந்து பார்த்தபின் அவை ஒப்புக்கொண்டது.

'அபராஜிதோ' என்னும் சொல்லுக்குத் 'தோல்வியுறாதவன்' என்று பொருள். அபு தோற்கவில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் என் நோக்கில் அப்பெயர் சர்பஜயாவுக்கும் பொருந்தும். தன் சேமிப்பைக் கொடுத்து மகனை வழியனுப்பியவள் அவளே. அவன் திரும்பி வராதபடி அவனை வளர்த்தவளும் அவளே. எந்தத் தாய் தன் மகனின் சிறகுக்கு வலிமை ஊட்டினாளோ, அவளே அச்சிறகு எழுப்பிய வெற்றிடத்தில் தனித்து நிற்கிறாள். அதனைத் தோல்வி என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாம் அனைவரும் அத்தகைய ஒருத்தியின் கொடையாலேயே இங்கு வாழ்கிறோம்.